மாமா காலையில் பார்த்த டிரைவர்

சர்வருக்கு ஒன்றும் இல்லை மேடம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைமை அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், முகத்தில் கொஞ்சம் கவலை தெரிகிறது. பெட்டி நல்ல பெட்டி. உள்ளே இருக்கும் நான்கு டிஸ்க்கும் நல்ல டிஸ்க். ஆன் செய்தவுடன் ஃபேன் மட்டும் விமானம் கிளம்புகிற மாதிரி கத்தும். அது அதன் சுபாவம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். உங்களோடு வந்த இன்ஜினியர் அண்ணன் இன்று காலை ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் இயங்குதளத்தை ஏற்றிவிட்டார். அதனால்தான் உங்களுக்குச் சந்தேகம். ஒரு காபியில் முடிகிற வேலை எங்கள் மாமா கையில் ஏன் இத்தனை மாதம் இழுத்தது என்று கேட்கிறீர்கள். மாமாவிடம் கேட்டதற்கு 'என் மறதிதான்' என்று சொன்னாராம். அதனால் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நியாயம்தான்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். இந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். நான் அந்தப் பிரிவின் மீதி ஆள். காலேஜ் முடித்துவிட்டு ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த என்னை இழுத்து வந்து இங்கே உட்கார வைத்தவர் அவர்தான். ஆக, நான் செய்த எல்லாவற்றிலும் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நன்றியாகச் சொல்கிறேன்.

டிரைவர் விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் முறையில் சொல்கிறேன். புது இயங்குதளம் என்பது கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி. எதிரே நான்கு பேர் மலை மாதிரி நின்றாலும், 'இவர் இன்னார்' என்று யாராவது அறிமுகம் செய்து வைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த அறிமுகம் செய்கிறவர்தான் டிரைவர். எங்கள் சர்வரில் நான்கு டிஸ்க்கையும் ஒன்றாகக் கட்டி மேய்க்க ஒரு கன்ட்ரோலர் இருக்கிறது. அதற்குரிய டிரைவரைப் பென்டிரைவில் வைத்து, இயங்குதளம் ஏறும்போது நடுவில் ஊட்ட வேண்டும். ஊட்டாவிட்டால் 'டிஸ்க் எதுவும் தென்படவில்லை' என்று திரை கையை விரித்துவிடும்.

முதல் நாள் அப்படித்தான் விரித்தது. மாமா சிரித்துக்கொண்டே, "மாப்ள, அந்தக் கன்ட்ரோலர் டிரைவரை மட்டும் இறக்கிட்டு வா, சின்ன வேலைதான்" என்றார். நான் இறக்கிக்கொண்டு வந்தது பக்கத்து மாடலுக்கானது. பெயரின் கடைசி எண் மட்டும் வேறு, மற்றபடி இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். சத்தியமாக அது வெறும் கைப்பிசகு. ஃபோல்டரைக் காட்டினோம், பொருத்தமான டிரைவர் இல்லை என்றது. பென்டிரைவை முன்பக்கம் சொருகினோம், பின்பக்கம் சொருகினோம், சர்வரை அணைத்துப் போட்டோம், மாமா அதன் தலையில் செல்லமாக ஒரு தட்டுகூடத் தட்டிப் பார்த்தார். கணக்குப் பிரிவு அண்ணன் கதவில் சாய்ந்துகொண்டு, "என்னப்பா, டிஸ்க் வாங்குனீங்களா, பில் மட்டும் வாங்குனீங்களா?" என்று கேட்டார். நல்ல நாள் மேடம். சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டே இருந்தோம்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபடி மாமா அக்காவிடம், "இந்த வாரம் கிளம்ப முடியாது போலிருக்கு" என்றார். அக்கா பெட்டியில் கட்டி வைத்திருந்த தட்டுகளை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி அலமாரியில் அடுக்கினாள். நான் சோபாவில் உட்கார்ந்து அந்தத் தட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப இனிமையான சத்தம்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சர்வர் ஓட ஆரம்பித்ததும் மாமாவுக்கு உங்கள் ஊருக்கு மாற்றல், எல்லாக் கிளைக்கும் தலைவராக. பதினைந்து வருஷமாக அவர் ஆசைப்பட்ட நாற்காலி. கம்பெனி வீடு உண்டு. அக்காவும் குட்டியும் கூடவே போவார்கள். குட்டி என்பது அக்கா மகள். நான் மட்டும் இங்கே, மாமாவின் இடத்தில். எல்லோரும் கைகொடுத்து வாழ்த்தினார்கள். இனிமேல் நீ யார் வீட்டில் சாப்பிடுவாய் என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே. அக்கா வீட்டு மாடி அறை என்னுடையது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மரம் கைக்கு எட்டும். காலையில் காபி தானாகப் படியேறி வரும். குட்டி முதுகில் ஏறி உட்கார்ந்து எழுப்புவாள். சந்தோஷமாக இருக்கிற ஒரு குடும்பத்தை ஒரு இரும்புப் பெட்டிக்காக இரண்டாகப் பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் மாமாவே சரியான டிரைவரை இறக்கினார். தன் மேசையில் பென்டிரைவைத் திறந்து, மாடல் எண்ணை விரலால் தொட்டு, வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். அவர் அப்படித்தான், ஒரு வேலையைத் தன் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி. பிறகு மேனேஜர் கூப்பிட்டார் என்று எழுந்து போனார். பென்டிரைவ் மேசையில் இருந்தது. முந்தின நாள் ஃபோல்டர் என் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தேன். கைக்கு வேலையே இல்லை.

சர்வர் அறையில் மாமா திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். "காலையில பார்த்தேனே மாப்ள. சரியாத்தான இருந்துச்சு?"

"பார்த்தீங்களா மாமா?" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு பொய்கூட இல்லை, வெறும் கேள்வி. ஆனால் மாமா முகத்தில் ஏதோ ஒன்று ஒரு படி கீழே இறங்கியதைப் பார்த்தேன். தப்பான டிரைவர் ஒரு நாளைக்குத்தான் தாங்கும், இந்தக் கேள்வி அதைவிட ரொம்ப நாள் தாங்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ஏன் தாங்கும் என்றால், மாமாவின் அப்பா. கடைசிக் காலத்தில் அவருக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. சொந்த மகனைப் பார்த்து, 'வாங்க போஸ்ட்மேன், உட்காருங்க, எனக்கு ஏதாவது வந்திருக்கா?' என்று மரியாதையாகக் கேட்பாராம். மாமா இதை ஒரு தடவை என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, "எனக்கும் அப்படி வந்துச்சுன்னா நீ முதல்ல சொல்லிடு மாப்ள. உங்க அக்கா சொல்ல மாட்டா, அழுதுட்டு உட்கார்ந்திருப்பா" என்றார். சரி என்றேன். ஒரு வார்த்தை கொடுத்தால் அதைக் காப்பாற்றுகிற ஆள் நான்.

அடுத்த வாரம் டிரைவர் பக்கமே நான் போகவில்லை. ஒரே ஜோக்கை இரண்டு தடவை சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சர்வரின் அடிப்படை செட்டிங்கில் ஒரு வரி இருக்கிறது: டிஸ்க்குகள் ஒன்றாக இருக்க வேண்டுமா, தனித்தனியாக இருக்க வேண்டுமா என்று. மாமா ஒன்றாக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். வந்து பார்த்தால் நான்கு டிஸ்க்கும் பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நின்றன.

"நான் இதை மாத்தலையே."

"சாப்பிடப் போறதுக்கு முன்னாடி, மாத்திப் பார்ப்போம்னு சொன்னீங்களே மாமா."

"நானா?"

"நீங்கதான்."

கணக்குப் பிரிவு அண்ணன் எட்டிப் பார்த்து, "மாற்றல் வந்த குஷியில அண்ணனுக்குத் தலைகால் புரியல" என்று சிரித்தார். மாமாவும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாக.

ஒரு தடவை என்னையும் மீறி அவர் ஏற்றியே விட்டார். திறமைசாலி, அதை நான் மறுக்க மாட்டேன். மிச்சம் இருந்தது நெட்வொர்க் கார்டின் டிரைவர் மட்டும்தான். சாதாரண கம்ப்யூட்டருக்கான டிரைவரைக் கொடுத்தேன். சர்வர் அதைப் பார்த்துவிட்டு, இது எனக்கானது இல்லை என்று திருப்பி அனுப்பியது. கொஞ்சம் யோசித்திருந்தால் மாமாவே கண்டுபிடித்திருப்பார். அவர் யோசிக்கவில்லை. "நான்தான் ஆரம்பத்துலயே எதையோ தப்பாப் பண்ணியிருக்கேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். இனிமேல் என் உதவி அவருக்கு அவ்வளவாகத் தேவைப்படாது என்று அன்றைக்குப் புரிந்தது. லேசாக வருத்தமாகக்கூட இருந்தது.

ஆனால் ஆபீசில் மட்டும் மறக்கிற ஆளை யார் நம்புவார்கள்? அதனால் வீட்டிலும் கொஞ்சம் கவனித்துக்கொண்டேன். வண்டிச் சாவி ஃபிரிட்ஜில், முட்டைக்குப் பக்கத்தில். மூக்குக்கண்ணாடி துவைக்கப் போட்ட சட்டைப் பையில். இன்றைக்குக் குட்டியைப் பள்ளியிலிருந்து அக்கா கூட்டி வருவாள் என்று மாமாவிடம் நான் சொன்னதாக அவர் சொன்னார். அப்படி நான் சொல்லவே இல்லை என்று நான் சொன்னேன். சொல்லியிருந்தேன்தான். குட்டி பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே வெகுநேரம் நின்றாள், பாவம். ஆனால் மழை இல்லை. வாட்ச்மேன் பிஸ்கட் கொடுத்திருக்கிறார், அதை ரொம்பப் பெருமையாகச் சொன்னாள். அக்காதான் அன்று யாரோடும் பேசவில்லை. மாமா குட்டியின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தார், ஏற்கெனவே பளபளத்த ஷூவுக்கு.

பிறகு டாக்டரிடம் போனோம். நான்தான் கூட்டிப் போனேன். இருக்கிற பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, நல்லாத் தூங்குங்க" என்றார் டாக்டர். வெளியே வந்து லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கும்போது மாமா என் முகத்தைப் பார்த்தார். குட்டி பரீட்சை பேப்பரை நீட்டிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பாளே, அந்த மாதிரி.

"ஆரம்பத்துல டெஸ்ட்ல தெரியாதாம் மாமா" என்றேன்.

லிஃப்ட் வந்தது, போனது. நாங்கள் ஏறவில்லை.

"அப்போ நீ சொல்ற?"

"சொல்றேன் மாமா."

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "தேங்க்ஸ்டா மாப்ள. நீயாவது உண்மையைச் சொன்னியே."

அன்று ராத்திரியே மாற்றல் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. அக்கா மிச்சமிருந்த பெட்டிகளையும் பிரித்து, எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தாள். இப்போது அவள் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுகிறாள். தண்ணீர் வீணாகிறது, அதை மட்டும் பக்குவமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். மற்றபடி வீடு இவ்வளவு நெருக்கமாக இருந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். மாமா என் பக்கத்து நாற்காலிக்கு மாறிவிட்டார். 'நான் சாப்பிட்டேனா மாப்ள?' என்று கேட்கிற அளவுக்கெல்லாம் போகவில்லை, நீங்கள் பயப்பட வேண்டாம். 'கதவைப் பூட்டினேனா, கேஸை மூடினேனா' அவ்வளவுதான். ஆமாம் என்றால் ஆமாம். இல்லை என்றால் எழுந்து போய், பூட்டிய கதவைத் திறந்து மறுபடி பூட்டிவிட்டு வருவார். சும்மா ஒன்றிரண்டு தடவை இல்லை என்றும் சொல்லிப் பார்த்தேன்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: டிரைவரை மாற்றியது நான். செட்டிங்கை மாற்றியது நான். சாவி, கண்ணாடி, பள்ளிக்கூடம் எல்லாம் நான். மாமாவுக்கு மறதி கிடையாது, இந்தக் கட்டடத்தில் அவரைவிடத் தெளிவான தலை யாருக்கும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், அவசரம் இல்லை.

மாமா வெளியே ரிசப்ஷனில்தான் உட்கார்ந்திருக்கிறார். தனியாக ரோட்டைத் தாண்ட இப்போது தயங்குகிறார், அதனால் நான் கூட்டி வந்தேன். நீங்கள் தாராளமாகப் போய் எல்லாவற்றையும் சொல்லலாம். உங்கள் மேல் அவருக்கு நல்ல மரியாதை, கடைசி வரை பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு நேராக என்னிடம் வருவார். 'அந்த மேடம் என்னமோ சொன்னாங்க மாப்ள. நிஜமாவே சொன்னாங்களா?' என்று கேட்பார்.

இல்லையே மாமா என்று சொல்வேன்.

நம்பிவிடுவார். எங்களுக்குள் அவ்வளவு பாசம் மேடம்.