எட்டு நாள் கெடு

சித்தூரில் கிளம்பிய பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, அந்த நெரிசலில் காதை மட்டும் எங்கே கொண்டுபோய் வைப்பது? இளையவள்தான் ஆரம்பித்தாள்.

"பொங்கலுக்கு வெள்ளையடிக்க வெளிய எடுத்து வெச்ச சாமான எங்கூட்டுக்காரரு திரும்ப உள்ள உடலீங்க அக்கா."

"ஏனாம்?"

"மாட்டுக்கொட்டாயில போட்டுட்டாருங்க. எட்டு நாள் ஒரு பொருளத் தேடலீன்னா அது நமக்குத் தேவையே இல்லைங்கறாரு. ஒன்பதாம் நாள் யாருக்காச்சும் குடுத்தர்றாரு."

"நல்லதுதான புள்ள. ஊட்டுல அடைசல் இருக்காது."

"நானும் அப்படித்தான் நெனச்சனுங்க. ரேடியோ போச்சு, கட்டில் போச்சு. ஒண்ணும் கொறையில்ல, நிம்மதியாத்தான் இருந்துச்சு. அப்பறம் செத்துப்போன அவங்கம்மா போட்டோவும் போச்சுங்க."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள். "இப்ப நீ எங்கிருந்து வாரே?"

"எங்கம்மா ஊட்டுலிருந்துங்க. அவரேதான் கொண்டாந்து உட்டாரு. கொஞ்ச நாள் இருன்னாரு."

"எத்தன நாளாச்சு?"

"இன்னையோட எட்டுங்க."

"ஆளு, கடுதாசி ஏதாச்சும் வந்துச்சா?"

இளையவள் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, பொழுது உழுகறதுக்குள்ள போயிருமுங்களா?"