ஒரு தாளுக்கு எட்டு மூஞ்சி

...அதான் சார், தலையால தண்ணி குடிச்சுச் சொல்லிட்டேன், ஒரு நூறு புதுக் கவர் வாங்கிப் போடுங்கப்பான்னு! காதுல வாங்குனாத்தானே? உக்காருங்க, தேடுறேன். அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். போட்டோ எடுக்கறப்ப மட்டும் ஆடாது, ஏன்னா அப்ப அடியில அட்டைய மடிச்சு வெச்சிருவேன். இந்தப் பக்கம் வாங்க.

உங்க படம் மத்தியானமே ரெடி சார். எந்தக் கவர்ல போட்டேங்கறதுதான்... படத்த வாங்கறவங்க கவரக் கீழ போட்டுட்டுப் போவாங்க. எங்கப்பா அதப் பொறுக்கி, தூசி தட்டி, திரும்ப டப்பாவுல வெச்சிருவார். மேல எழுதுனது அப்படியே இருக்கும். இந்தா பாருங்க, "தண்ணி லாரிக்காரர்". உள்ள யாரு? ஒரு கைக்குழந்தை! இது "கோழிக்கடை". உள்ள இருக்கறது தலைமையாசிரியர். உங்கள "பல் டாக்டர்"ல போட்ட மாதிரி ஞாபகம். சிரிக்கறீங்க. இதுலயே பதினெட்டு வருஷம் குடியிருந்து பாருங்க, தெரியும்.

தாளும் அப்படித்தான். ஒரு தாள்ல எட்டு படம் வரும். உங்களுக்கு வேண்டியது நாலு. மிச்ச நாலு இடம் வெள்ளையாப் போனா எங்கப்பாவுக்கு நெஞ்சே அடைச்சிரும். இன்னொரு மூஞ்சி வர்ற வரைக்கும் உங்க மூஞ்சி காத்துக்கிட்டு இருக்கணும். இன்னைக்கு உங்க அதிர்ஷ்டம், அப்பாவுக்கே நாலு படம் தேவைப்பட்டுச்சு. உங்க நாலு, அவர் நாலு, ஒரே தாள். கடையில இருந்த கடைசித் தாளும் அதுதான். அடுத்த தாள் அடுத்த வாரம்!

அவருக்கு எதுக்குப் போட்டோவா? அதக் கேக்காதீங்க சார், பெரிய கத... சரி, சொல்றேன்.

இவ்வளவு சிக்கனமான மனுசன் இருபத்திரண்டு வருஷமா எந்தக் கட்சியில இருந்தார் தெரியுமா? பெரிய கட்சியில! "வரவுக்குள்ள செலவு"ன்னு செவுத்துல எழுதித்தானே அவங்க ஆளச் சேத்தாங்க? இவர் முதல் ஆளாப் போய் விழுந்தார். அப்புறம் ஆட்சிக்கு வந்தாங்க. வந்து என்ன பண்ணாங்க? தெருமுனையில இடது பக்கம் ஒரு வளைவு நிக்குதே, பாத்தீங்களா? அதுக்குள்ள ரோடே கெடையாது சார். ரோடு போட வெச்சிருந்தத வளைவுக்கே செலவு பண்ணிட்டாங்க. தண்ணித்தொட்டி ஒண்ணு, திறப்பு விழா மூணு. இதெல்லாம் கூடப் போகட்டும். சிக்கன வாரம்னு ஒண்ணு கொண்டாடுனாங்க பாருங்க! மேடை என்ன, சீரியல் லைட்டு என்ன... எங்கப்பா எந்திரிச்சு, "இந்த மேடைக்கு எவ்வளவு ஆச்சு?"ன்னு கேட்டார். உடனே கூப்பிட்டுக் கைதட்டி ஒரு கேடயம் குடுத்தாங்க, "சிக்கனச் செம்மல்"னு. வீட்டுக்கு வந்து அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுக்கு எவ்வளவு ஆயிருக்கும்?"னார். அன்னைக்குச் சாப்பிடவே இல்ல.

உங்க போன் அடிக்குது பாருங்க. வேணாமா? சரி.

அப்போ வெளிய வர வேண்டியதுதானே? வரமாட்டார்! காலையில எந்திரிச்சதும் கட்சியத் திட்டுவார், பத்து மணிக்கு அதே கட்சிக் கூட்டத்துக்குப் போவார். சித்தப்பா சொல்வார், "அண்ணே, உள்ள இருந்துதான் திருத்தணும்." இருபத்திரண்டு வருஷமா உள்ள இருந்து இவர் திருத்துனது கட்சி நோட்டீஸ்ல எழுத்துப்பிழை மட்டும்தான். அம்மா ஒரு படி மேல. "செலவக் குறைக்கற கட்சின்னு இன்னொண்ணு இருக்கு, சரி. ஆனா தம்மாத்துண்டு கட்சி. அதுக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிரும்ங்க." வீணாப் போயிரும்! அந்த ஒரு வார்த்தை போதும் சார் எங்கப்பாவுக்கு. சோப்புத் துண்டையே வீணாக்காத மனுசன் ஓட்ட வீணாக்குவாரா? திரும்பப் போய்ப் பெரிய கட்சிக்கே குத்திட்டு வருவார். வந்து புலம்புவார். நாங்க கேக்கணும்!

நான் முகத்துக்கு நேரா சொன்னேன். "ஒரு கடையில சரக்கு சரியில்ல, எடையும் சரியில்ல. அடுத்த கடை சின்னதா இருக்குன்னு திட்டிக்கிட்டே இங்கயே வாங்குவீங்களா? அப்ப இவன் எதுக்குத் திருந்தணும், அவன் எப்படி வளரணும்?"னு. பள்ளிக்கூடத்த விட்டவ எனக்குப் பாடம் எடுக்கறியாங்கறார். ஆமா, விட்டேன். பதினொண்ணாவதுல. பிடிக்கல, வெளிய வந்துட்டேன். உள்ள இருந்து திருத்துறேன்னு சொல்லிக்கிட்டு கடைசி பெஞ்சுல தூங்கல... கொஞ்சம் வருத்தம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அது வேற.

அந்தச் சின்னக் கட்சி ஒண்ணும் ஒழுங்குன்னு நெனைக்காதீங்க. இந்த வார்டுல மொத்தம் ஒம்பது பேரு. அதுல மூணு பேரு ஒரே வீடு. எங்கப்பா வாடகை இல்லாம இடம் குடுத்தார்னு கூட்டம் இங்க கடையிலதான் நடக்குது, ஃபேன் போடாம. கொடி வேணுமா வேணாமான்னு ரெண்டு மணி நேரம். எனக்கு வேர்த்து ஊத்துது. கடைசியில என்ன முடிவு? துணி மட்டும் வாங்கறது, கம்பு அவங்கவங்க வீட்டுல இருந்து. ஒரு கம்பு ஆள் ஒசரம், ஒண்ணு ஒட்டடக் குச்சி ஒசரம், இன்னொண்ணு ஊன்றுகோல் ஒசரம்... ஊர்வலம் போனா பாக்கறவங்க நெலம் அளக்க வந்திருக்காங்கன்னு நெனைக்கறாங்க!

ஆனாலும் சார், உண்மையச் சொல்லணும். அவங்க அஞ்சு பைசா செலவு பண்ணாலும் ஒம்பது பேருக்கும் சொல்றாங்க. எங்கப்பா கேள்வி கேட்டா கேடயம் குடுக்கல, பதில் குடுத்தாங்க. அன்னைக்கு அவர் மூஞ்சியப் பாத்திருக்கணுமே... சரி விடுங்க.

அந்த ஒம்பது பேர்ல யாரும் தேர்தல்ல நிக்க முன்வரல. இன்னைக்கு மத்தியானம் கூட்டத்துல ஓரமா உக்காந்திருந்த எங்கப்பா திடீர்னு எந்திரிச்சு, "நான் நிக்கறேன்"னுட்டார். பெரிய கட்சிக்கு ராஜினாமா எழுதினார், பழைய காலண்டர் தாள் பின்னாடி. நேரா அந்த ஸ்டூல்ல வந்து உக்காந்து, "எடும்மா"ன்னார். இருபத்திரண்டு வருஷத்துல மொத தடவையா மனுசன் புலம்பல, ஒரு வேல பண்றார். எனக்கும் இதுதான் மொத ஓட்டு. அவருக்குத்தான்.

அஞ்சு மணிக்குள்ள மனுக் குடுக்கணும், இன்னைக்கே கடைசி. இவர் என்னடான்னா ஃபாரத்த வீணாக்கக் கூடாதுன்னு மொதல்ல பென்சில்ல எழுதி, அப்புறம் பேனால எழுதி... நாலு மணி ஆயிருச்சு! அப்பவும் கெளம்பல. "கவரப் பிரிச்சு ஒரு தடவ பாத்துக்கறேம்மா"ங்கறார். எனக்கு வந்துச்சே கோவம்! "பாத்தது போதும், கெளம்புங்கப்பா"ன்னு கவர எடுத்து சட்டப் பையில நானே திணிச்சு வெளிய தள்ளிவிட்டேன். நடந்துதான் போறார். முக்கால் மணி நேர நட. ஆட்டோவுல போனா சிக்கனக் கட்சி வேட்பாளருக்கு அழகா இருக்காதாம். போனும் எடுத்துட்டுப் போகல, அந்தா கல்லாமேல கெடக்குது. நடந்து போறவனுக்கு போன் எதுக்குங்கறார்.

எதிர்ல பெரிய கட்சி யார நிறுத்துறாங்கன்னே தெரியல. மேல இருந்து வெளியூர் ஆள் ஒருத்தர இறக்கறாங்களாம். எந்த மகராசனோ! எங்கப்பா நின்னா அந்த ஆளு...

இருங்க. இந்த ஒரு கவர்தான் மிச்சம். "மாடி வீட்டு மருமக". இது உங்களது இல்லையே... இதுல நான் அப்பாவோடதத்தானே போடல...

அப்பா.

அப்பா உள்ள இருக்கார் சார். நாலு அப்பாவும் இங்கதான் இருக்காங்க. அப்போ அவர் பையில... "பல் டாக்டர்"... அய்யய்யோ! உங்கள அனுப்பிட்டேன்! மனுவுல உங்க மூஞ்சிய ஒட்டிக் குடுத்துருவாரே, கண்ணாடியையும் விட்டுட்டுப் போயிட்டார், அது இல்லாம ஒண்ணும் தெரியாதே! பழைய கவர் மேல பழி போட்டுக்கிட்டு இருந்தேன்... பிரிச்சுப் பாக்கறேன்னவர விடாம தள்ளுனது நான். நானேதான்.

நீங்க ஏன் சார் எந்திரிக்கறீங்க? உங்களுக்கு என்ன அவசரம்? உங்களுக்கும் அஞ்சு மணிக்குள்ளயா? திரும்ப அடிக்கத் தாள் இல்ல சார், சொன்னேனே. ஏதோ ஃபாரத்துக்குன்னுதானே சொன்னீங்க? காட்டுங்க... வேட்பு மனு. எங்க வார்டு. கட்சி...

அடப்பாவி! நீங்கதானா அந்த வெளியூர் ஆளு? இவ்வளவு நேரம் ஒரு வார்த்த பேசாம கேட்டுக்கிட்டு இருந்தீங்களே, நல்லா இருப்பீங்க! சொன்னது எதையும் வாபஸ் வாங்க மாட்டேன், ஆமா.

நில்லுங்க, தனியா எங்க ஓடறீங்க? எங்கப்பா எப்படி இருப்பார்னு தெரியுமா? உங்க மூஞ்சி அவர் பையில, அவர் மூஞ்சி என் கையில. நான் இல்லாம நீங்களும் நிக்க முடியாது, நீங்க இல்லாம அவரும் நிக்க முடியாது. வண்டி வெளிய நிக்குதுல்ல? மணி நாலு இருபத்தஞ்சு. நல்லவேளை, மனுசன் நடந்து போறார்! ஆட்டோவுல போயிருந்தா கத முடிஞ்சிருக்கும். இருங்க, ஷட்டர இறக்கிட்டு வர்றேன்.

ம், ஏறிட்டேன். வேகமாப் போங்க சார், பெட்ரோலப் பாக்காதீங்க, பெரிய கட்சிதானே! ஓட்டு மட்டும் அப்பாவுக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன். நேராப் போங்க... அய்யோ, இடது பக்கம் திருப்பாதீங்க! அது உங்க கட்சி வளைவு சார், உள்ள ரோடு இல்ல!