இடது பக்கப் பின்கதவு

இடது கையால குடுக்கேன்னு தப்பா நெனைச்சுக்கிடாதீக தம்பி. வாங்கிக்கோங்க. சோத்துக்கை நமக்கு அம்புட்டு வசமில்ல, டம்ளர் நிக்காது. சீனி பத்துதான்னு பாருங்க.

அந்த பெஞ்சு வேண்டாம், ஆடும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. மொதல்ல செருப்பைப் போட்டுக்கோங்க. வண்டிகிட்டயே கெடக்கு பாருங்க. செட்டுத் தரையில தகரத்துண்டு கெடக்கும், கால்ல ஏறிரும்.

எங்க வீட்டுக்காரரா? சாத்தூருக்குப் போயிருக்காரு. கம்பெனி வேன் ஒண்ணு மைல்கல்லுல உரசிருச்சாம், டிங்கர் பாக்கக் கூப்பிட்டாக. வர சாயங்காலம் ஆகும். அவரு வந்தாலும் குருவம்மாகிட்டக் கேட்டுக்கோங்கன்னுதான் சொல்லுவாரு. வண்டியச் செஞ்சது அவரு. விக்கிறதா வேண்டாமாங்கிறது எம்பாடு. எங்களுக்குள்ள அப்பிடித்தான் பேச்சு.

ஆனா நல்லாப் பாக்கீக வண்டியை. பானெட்டைத் தூக்கிப் பாத்தீக, அடியில படுத்துப் பாத்தீக, முன்னால உக்காந்தீக, பின்னால உக்காந்தீக. கோயம்புத்தூர்ல உங்க ஆளு பளைய காரா வாங்கிச் சேக்காருங்கீகளே, அம்புட்டையும் ஓட்டுவாரா, இல்ல தொடைச்சுத் தொடைச்சு வச்சுக்கிடுவாரா? ம். கான்டெசா ஒண்ணுதான் பாக்கியாக்கும்.

இது இங்கன வந்தப்ப வண்டியாவா இருந்துச்சு. அசன் முகம்மது பாய் காயலாங்கடையில, கருவேல மரத்தடியில கெடந்துச்சு. டிக்கியில கோளி அடை படுத்திருந்துச்சு. தரை பூராம் துரு. உள்ள உக்காந்து கால நீட்டுனா மண்ணுல நிக்கலாம். ஒடைச்சுப் போடணும், முளுசா யாருக்கும் விக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் பாய்கிட்ட வந்துச்சாம். பாய்க்கு மனசு வரலே. இப்ப ஒடைப்போம் பெறகு ஒடைப்போம்னு போட்டு வச்சிருந்தாரு.

நான்தான் போய்ப் பாத்தேன். அது அங்கன கெடக்கிறது இவருக்கு எங்க தெரியும். பஸ்சுல போகும்போது மூஞ்சி மட்டும் தெரிஞ்சுச்சு, அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்தே வந்துட்டேன். பூராம் சுத்திப் பாத்தேன். அதேதான். வீட்டுக்கு வந்து இவருகிட்ட, எனக்கு அந்த வண்டி வேணும்னேன். கோட்டிக்காரியா நீ, ஊருல பொம்பளைக தோடு கேப்பாளுக, சேலை கேப்பாளுக, நீ காயலாங்கடைக் காரைக் கேக்கியேன்னாரு. வேணும்னேன். அம்புட்டுதான் சொன்னேன்.

பாய் லாரிகளுக்கு ஒரு வருசம் சும்மா டிங்கர் வேலை பாத்துக் குடுத்துத்தான் இதை வாங்குனோம். டிராக்டர்ல சங்கிலி போட்டு இளுத்துட்டு வந்தோம். அச்சங்குளமே ரோட்டுல நின்னு சிரிச்சுச்சு. அடுத்த வீட்டு வீரலட்சுமி இருக்காளே, ஆரத்தி எடுக்கட்டுமாக்கான்னு கேட்டா. எடுடீன்னேன். கேலிக்குக் கேட்டவ, நான் எடுன்னதும் முளிச்சுக்கிட்டு நின்னா. எடுக்க வச்சேன்ல.

எம்மேல கோவத்துல ஆரம்பிச்ச மனுசன், கொஞ்ச நாள்லயே வண்டி மேல கிறுக்காயிட்டாரு. கூலி வேலை முடிஞ்சு வந்தா நேரா இதுக்கு அடியிலதான் போவாரு. தரைத்தகடு பூராம் அவரே வெட்டி வச்சு வெல்டு வச்சது. பட்டி பாத்துப் பாத்துத் தேய்ப்பாரு, கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கையால தடவிப் பாப்பாரு, திருப்பியும் தேய்ப்பாரு. பின்லைட்டுக்கு மதுரை பூராம் அலைஞ்சாரு. உங்க கோயம்புத்தூர் உக்கடத்துல நாலு நா தங்கி, ஸ்டேரிங்கு, மீட்டருன்னு சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்தாரு. அடியில வேலை பாக்கையில லைட்டுப் பிடிக்கிறது நான்தான். கொஞ்சம் அசைஞ்சா ஏலே லைட்டுன்னு கத்துவாரு, பொண்டாட்டின்னு மறந்து போயிரும். மொதத் தடவை எஞ்சின் பிடிச்சப்ப அளுதுட்டாரு. நான் அளுகலே. நான் பின்னாடி போயி உக்காந்து பாத்தேன்.

எங்கனயா? இப்ப நீங்க உக்காந்தீகளே, அங்கனதான். இடது பக்கம்.

என்னது? கைப்பிடியா? கண்ணு நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு. ஆமா, மத்த மூணுலயும் மூஞ்சி பாக்கலாம், அது ஒண்ணு மட்டும் மங்கிப்போயி, புள்ளி விளுந்து கெடக்கும். இவரும் சொல்லிச் சொல்லிச் சலிச்சுட்டாரு. உக்கடத்துல இருந்து நெக்கல் போட்டது ஒண்ணு கொண்டாந்தாரு. அதை நான் அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சுட்டேன். மாட்டவும் விடலே, குடுக்கவும் இல்ல. உங்க ஆளு மாத்திக்கிடுவாரா? மாத்தக் கூடாது தம்பி. வித்தேன்னா அந்தக் கதவை அப்பிடியே விடணும்னு சொல்லித்தான் விப்பேன்.

சொல்றேன், சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கேன். கோயம்புத்தூர்ல காருக்குள்ள ஏறுறதுக்கு முன்னாடி செருப்பைக் களட்டுவாகளா?

பளக்கமா. வீட்டு வாசல்ல களட்டுறது பளக்கம். கோயில்ல களட்டுறது பளக்கம். நீங்க முன்னால ஏறும்போதும் களட்டுனீக, பெறகு மாட்டிக்கிட்டு வந்து பின்னால ஏறும்போதும் களட்டுனீக. குனிஞ்சுகூடப் பாக்கலே, காலு தானாக் களட்டுது. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். இந்த வண்டிக்கு முன்னாடி செருப்பைக் களட்டுற ஆளுக ஒரே ஒரு வீட்டுலதான் உண்டு.

இருங்க, எந்திரிக்காதீக. டீயக் குடிங்க, ஆறிரும். மொதலாளி எப்பிடி இருக்காக?

நீங்க அவுகளுக்கு என்ன வேணும்? தங்கச்சி மகனா. ம், நெத்தி அப்பிடித்தான் இருக்கு. சின்னப் பிள்ளையில இந்த வண்டியில போயிருப்பீக. அதான் காலுக்கு ஞாபகம்.

எனக்கு எப்பிடித் தெரியும்னா கேக்கீக. உங்க மாமா பட்டாசுக் கம்பெனியிலதான் தம்பி நான் இருந்தேன். பூச்சட்டி ரூம்ல. இந்த வண்டி கம்பெனிக்குள்ள வந்தா தொடைக்கிறதுக்குன்னே ஒரு ஆளு. ஆடிப்பெருக்கு அன்னைக்கு மாலை போட்டு, பொட்டு வச்சு நிக்கும். சீசனுக்கு மொதப் பெட்டியை பின்சீட்டுல பட்டுத் துணி விரிச்சு வச்சு, சிவகாசி காளியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோயி பூஜை போட்டாத்தான் உங்க வீட்டுல ஆர்டர் எளுதுவாக. சாமிக்குப் போற வண்டி, செருப்புக் காலோட ஏறக் கூடாது. டிரைவர்கூட வெறுங்காலோடதான் ஓட்டணும். நாங்க எல்லாம் தள்ளி நின்னு கும்பிடுவோம். காரைக் கும்பிட்டிருக்கோம் தம்பி. இப்ப நெனைச்சா சிரிப்பா வருது.

வண்டி போன பெறகு உங்க மாமாவுக்குச் சீசனே சரியில்லைன்னு கேள்வி. லைசென்ஸ்ல தகராறு, ஒரு வருசம் மளை, ஒரு வருசம் வடக்க போன லோடு அப்பிடியே திரும்பி வந்துருச்சு, அண்ணன் தம்பி பிரிஞ்சாச்சு. ஏளாயிரம்பண்ணையில ஒரு அம்மாகிட்டக் குறி கேக்கப் போனாகளாமே. உன் ராசியை நீயே வெளிய தள்ளி விட்டுட்ட, அது இன்னும் ஒடையலே, தெக்க ஒரு தகரச் செட்டுல இருக்கு, போயி எடுத்துக்கோன்னு சொன்னாளாமே.

அவ எனக்கு மதினி முறை. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலே. ஒரு கல்யாண வீட்டுல பந்தியில பக்கத்துல உக்காந்திருந்தா. வண்டி எங்கன இருக்குன்னு மட்டும் பேச்சுவாக்குல சொன்னேன். மத்தது பூராம் அம்மன் வாக்குத்தான்.

மூஞ்சி ஏன் இப்பிடிப் போகுது. குடிங்க.

அன்னைக்கும் ஆடிப்பெருக்குதான். பெட்டியை வண்டியில வச்சாச்சு, மொதலாளி ஏறி உக்காந்தாச்சு, இடது பக்கம், பெட்டிக்குப் பக்கத்துல. சூடம் காட்டிக்கிட்டு இருக்காக. மருந்து ரூம் வெடிச்சுப் போயிருச்சு. சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல தம்பி. வெளிச்சம் மட்டும்தான். கண்ணு தொறந்தா எங்க ரூம்ல கூரை இல்ல. மாரிசெல்வி என் காலுகிட்டக் கெடந்தா. யாருன்னா, எங்க வீட்டுக்காரரு கூடப் பொறந்தவ. நான்தான் அவளை வேலைக்குச் சேத்து விட்டது. அவளை இளுத்துக்கிட்டு வெளிய வந்தேன். கேட்டுகிட்ட இந்த வண்டி நின்னுச்சு. வேற வண்டி ஒண்ணும் கெடையாது.

எனக்குக் கையில தீப்பிடிச்சதே தெரியலே. அந்தக் கைப்பிடியைப் பிடிச்சு இளுத்தேன். உள்ள இருந்து மொதலாளி என்னையப் பாத்தாரு. பேரு தெரியும் அவருக்கு. குருவம்மான்னு பேரு சொல்லிக் கூப்பிடுற மனுசன்தான். கண்ணாடிக்கு அங்கிட்டு அவரு, இங்கிட்டு நான். பாத்துக்கிட்டே பொத்தானை அமுக்குனாரு. டக்குன்னு ஒரு சத்தம். கூரை போன சத்தம் கேக்காத காதுக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. டிரைவரைப் பாத்து என்னமோ சொன்னாரு, வண்டி நகண்டுருச்சு. நான் கைய எடுக்கலே, அது தானா உரிஞ்சு வந்துச்சு. எந்தோலு அதுல ஒட்டிக்கிட்டுப் போச்சு.

தண்ணி டேங்கர் டிராக்டர்லதான் எங்களைக் கொண்டுபோனாக. மாரிசெல்வி சாத்தூர் போய்ச் சேரலே. உங்க மாமா கோயில் போய்ச் சேந்துட்டாரு. பூஜை முடிச்சுட்டுத்தான் தலைமறைவாப் போனாராம். பெறகுதான் கைப்பிடியைப் பாத்திருக்காரு. தீட்டுப் பட்டுருச்சு, ஒடைச்சுப் போடுங்கன்னுட்டாரு.

கேசு நடந்துச்சு, முடிஞ்சுச்சு. ஆஸ்பத்திரிக்கு உங்க கணக்கப்பிள்ளை வந்து ஒரு கவரை கட்டில் விளிம்புல வச்சுட்டுப் போனாரு. கையில குடுக்கலே. எப்பிடிக் குடுப்பாரு. மொதலாளி வரவே இல்ல.

எங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். ஆனா வேலை பாக்கப் பாக்க அவருக்கு அது வெறும் வண்டியா ஆயிப்போச்சு. தங்கச்சியை நெனைச்சு அளுகிறவரு, வண்டியில ஒரு கோடு விளுந்தாலும் அளுவாரு. அது அவரு குணம். எனக்கு அப்பிடி ஆகலே.

வண்டி ஓட ஆரம்பிச்சதுல இருந்து ஆடிப்பெருக்கு அன்னைக்கு நாங்களும் அதே கோயிலுக்குத்தான் போறோம். உங்க தெரு வளியாத்தான் போவோம், மெதுவா. நான் பின்னாடி இடது பக்கம் உக்காந்திருப்பேன். செருப்புப் போட்டுக்கிட்டு. போன வருசம் உங்க மாமா வாசல்ல நின்னாரு, வேட்டியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு. என்னையப் பாக்கலே. வண்டியத்தான் பாத்தாரு. தெரு முக்கு திரும்புற வரைக்கும் பாத்தாரு. நான் வீடு வந்து சேருற வரைக்கும் சிரிச்சேன்.

எங்க வீட்டுக்காரரு விக்கச் சொல்லுதாரு. ஆமா, அவருதான். பெத்த பிள்ளை மாதிரி வச்சிருக்கிற மனுசன், காலையிலகூட, வித்துத் தொலைச்சுருவோம் குருவு, இதை வச்சுக்கிட்டு நீ சிரிக்கிற சிரிப்பு எனக்குப் பிடிக்கலேன்னுட்டுத்தான் சாத்தூர் பஸ் ஏறுனாரு. அதனாலதான் நீங்க வந்ததும் வெரட்டாம ஸ்டூல் போட்டேன்.

பணப்பையை உள்ள வைங்க தம்பி. எம்புட்டு இருக்குன்னு நான் கேக்கலே. உங்ககிட்ட வாங்க மாட்டேன். உங்க மாமா வரணும். ஆடிப்பெருக்குக்கு இன்னும் நாள் கெடக்கு, வரச் சொல்லுங்க. வந்து அந்தக் கதவை அவரு கையால, அந்தக் கைப்பிடியைப் பிடிச்சுத் தொறக்கணும். உள்ள நான் உக்காந்திருப்பேன். பயப்படாதீக, பொத்தானை அமுக்க மாட்டேன்.

அச்சாரம்னா வெத்தலையில வச்சு, சோத்துக்கையில இருந்து சோத்துக்கைக்குத்தானே குடுப்பாக. இடது கையில வாங்குனா ராசி நிக்காது. உங்க மாமாவுக்குத் தெரியாததா. அதனால இந்தக் கையிலதான் வைக்கணும்.

இந்தா பாருங்க. சேலைக்குள்ள வச்சே பளகிருச்சு, அதான் உங்களுக்குத் தெரியலே. திரும்பாதீக, பாருங்க. வெரலு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு, விரியாது. வெத்தலை நிக்காது, நளுவிரும். அவரு வச்சு, மேல அவரு கைய வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். நான் போதும்ங்கிற வரைக்கும்.

அப்பிடி வச்சா வண்டியைக் குடுத்துருவீகளான்னா கேக்கீக?

அதை நான் இன்னும் யோசிக்கலே தம்பி.