இடம் மாத்த முடியாத நாய்

இல்ல டாக்டர் தம்பி, நானா வரல. பக்கத்து வீட்டுத் தையல்காரிதான் போன வாரம் பட்டன் தைச்சுக்கிட்டே மொதல்ல சொன்னா. அக்கா, நம்ம நாய் டாக்டர்கிட்ட ரெண்டு நாய் வீடு கெடைக்காம நிக்குது, தனியாத்தானே இருக்க, போய்ப் பாரு. ஆனா மூஞ்சியப் பாத்து மயங்கிடாத, சம்பந்தம் பேசுற மாதிரி கொணத்த விசாரின்னா. அதான் இவ்வளவு கேக்குறேன். கோவிச்சுக்காதீங்க.

இந்தச் சின்னதுதான் பக் நாயா? ஐயோ, மூஞ்சியப் பாருங்களேன்! சாப்பாட்டுல உப்பு கொறைஞ்சா எங்க வீட்டுக்காரர் இப்படித்தான் உக்காந்திருப்பார். கொறட்டையும் விடுமா? அப்ப அவரேதான். புண்ணியவான், போட்டோவுலேருந்து எறங்கி வந்துட்டார்.

மூஞ்சி மடிப்பத் தொடைக்கணும், வெயில் ஆகாது, ரொம்ப ஓட வைக்க வேண்டாம். சரி. மாடி வீட்டுலயும் இருக்கும், மடியில வெச்சு எங்க வேணாலும் தூக்கிட்டுப் போயிடலாம்னா சொல்றீங்க? அங்கதான் இடிக்குது தம்பி.

அந்தப் பெருசு? ஜெர்மன் ஷெப்பர்டா. முடி கொட்டுமா? வருஷம் பூராவா! ரொம்ப நல்லது. இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க. லிஃப்ட்டக் கண்டா படுத்துக்குமா? சந்தோஷம். புது ஆளப் பாத்தா கொலைக்குமா? வீட்டு புரோக்கரப் பாத்தா? சும்மா பொதுவாத்தான் கேட்டேன்.

காலையிலயும் சாயங்காலமும் நடத்தணுமா? மனுஷ டாக்டரும் எனக்கு அதத்தான் எழுதிக் குடுத்திருக்கார். இழுத்தா என்ன? ரெண்டு புள்ளைங்களப் பிடிச்சு ரோடு தாண்டவெச்சவ நான். இதுக்காவது கழுத்துப்பட்டை இருக்கு.

ஏன் விட்டுட்டுப் போனாங்க இத? வீட்ட வித்துட்டு பிளாட்டுக்குப் போயிட்டாங்களா. அங்க இதுக்கு இடமில்லியா.

வாடா ராஜா. பாருங்க, கூப்புடறதுக்குள்ள கால்மேல தலைய வெச்சிட்டான்.

ஒரே ஆள்கிட்டதான் ஒட்டும், எடம் மாத்துனா சோறு தண்ணி எடுக்காதுன்னீங்களே, நெசந்தானே? இங்க வந்தும் பட்டினி கெடந்தானா? பாவம். இன்னொரு தடவ மாத்துனா தாங்க மாட்டானா? போதும் தம்பி. இவனையே குடுங்க.

ஏன் இவனேன்னா கேக்குறீங்க? ஒண்ணுமில்ல. எம் பையன் இருக்கிறது ஒம்பதாவது மாடி. மக வீட்டுல, மாப்பிள்ளைக்கு நாய் முடி பட்டா தும்மல் நிக்காது. ரெண்டும் தங்கமான புள்ளைங்க. வீட்ட வித்துடலாம்மா, ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க இருங்கன்னு பாசத்துலதான் கேக்குதுங்க. பாசத்துகிட்டப் போய் முடியாதுன்னு எப்படிச் சொல்றது? சாமி கும்பிடுற வாயில பொய்யும் வர மாட்டேங்குது. எனக்கு அந்த வீட்ட விட்டுப் போக மனசில்ல, அவ்வளவுதான். ஒரு வழி காட்டுப்பான்னு தெனமும் கேட்டேன். நாலு காலோட காட்டிட்டார்.

ஞாயித்துக்கிழமை காலையில புரோக்கரோட வர்றாங்க. நான் சொன்னா அம்மா கத விடுறாங்கன்னு எம் பையன் சிரிப்பான். அதனால இவனுக்குப் போடவேண்டிய ஊசியில ஒண்ண மட்டும் அன்னிக்குப் பாக்கி வெச்சு, வீட்டுக்கு வந்து போடுங்க. போட்டுட்டு, இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே அவன்கிட்டயும் ஒருவாட்டி சொல்லிடுங்க.