சாவி போட்டதும் எரிந்த மஞ்சள் விளக்கு

என் பெயர் உமர் பாரூக், த/பெ ஷேக் தாவூத், வயது 54. பழவேற்காடு பள்ளிவாசல் தெருவில் குடியிருந்து கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். ஒருவரும் நம்ப மாட்டாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன் என்று படைத்தவன் சாட்சியாக உறுதி கூறி இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

நேற்று 12.06.2007 காலை என் டெம்போவுக்கு பிரேக் பார்ப்பதற்காக, கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகில் குப்புராஜ் நடத்தும் மெக்கானிக் ஷெட்டுக்குப் போயிருந்தேன். அப்போது ஆரம்பாக்கத்தில் நெல் பயிரிடும் வீரராகவன், ரிப்பேருக்கு விட்டிருந்த தன் காரை எடுக்க வந்தார். டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்ததுதான் கோளாறு. சென்சார் மாற்றி, பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி, விளக்கை அணைத்துவிட்டதாகக் குப்புராஜ் சொன்னார். அதன் பிறகு வீரராகவன் காரில் உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினார். விளக்கு எரிந்தது.

"இன்னாடா, அப்படியே எரிஞ்சிகினு கீது? என்னை இன்னா கேணைன்னு நெனச்சினுகீறியா?"

"சாவி போட்டா எல்லா லைட்டும் ஒரு வாட்டி எரியும்ணா. வண்டிய ஸ்டார்ட் பண்ணு, அணைஞ்சிடும்."

அதன் பிறகு வீரராகவன் இறங்கி, வீல் ஸ்பேனரை எடுத்து, குப்புராஜின் வலது முன்கையில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தத்தை ஆலைச் சங்கு என்று நினைத்து சிப்காட் முழுவதும் ஷிப்டு மாறியது. அடுத்த அடியில் தெறித்த பல், ஊத்துக்கோட்டை சந்தையில் ஒரு பூசணிக்காயைத் துளைத்து மறுபக்கம் வந்தது. வறண்டு கிடந்த ஆரணி ஆற்றில் ரத்தம் இரு கரையும் தொட்டு ஓடியது. அதன் பிறகு குப்புராஜின் மனைவி செல்வி ஜாக்கி ராடால் முதுகில் போட்ட போட்டில் வீரராகவன் குப்புற விழ, பானெட்டில் அவர் மூக்கின் அச்சு பதிந்தது. நான் ஒற்றைக் கையால் டெம்போவைத் தூக்கி இருவருக்கும் நடுவில் வைத்து விலக்கினேன்.

அதன் பிறகு நானே காரில் ஏறி சாவியை முழுதாகத் திருப்பினேன். இன்ஜின் ஓடியது. தரையில் கிடந்த குப்புராஜ், வாயில் ரத்தத்தோடு, "அணைஞ்சிச்சா பாய்?" என்று கேட்டார்.

விளக்கு அணையவே இல்லை, ஏமாற்றியதால்தான் அடித்தேன் என்று வீரராகவன் புகார் கொடுத்திருப்பதாகவும், குப்புராஜ் மீது மோசடி வழக்கு போடப்போவதாகவும் இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லி அறிகிறேன். ஆறு, பூசணிக்காய், டெம்போ எல்லாவற்றையும் ஐயா தாராளமாக நீக்கிவிடலாம். முறிந்த கையைப் பற்றி ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். விளக்கு அணைந்தது நிஜம். வீரராகவன் எழுந்து வந்து, ஸ்பேனரோடு கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அதைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் குப்புராஜின் இடது கையில் அடித்தார்.

இந்தச் சின்ன இடத்தை மட்டும் படிக்கக் கேட்டு, உண்மைதான் என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) உமர் பாரூக்