மூன்றாவது வழி

மாட்சிமை மிக்க தலைவர் அவர்களே! மருத்துவமனை நிர்வாகக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களே! பட்டமளிக்க வந்திருக்கும் பல்கலைக்கழகப் பெருமக்களே! வேலை உடுப்போடு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் சலவைக்கூடத்துத் தாய்மார்களே! கால்டர்தார்ப் நகரமன்ற மேடையிலிருந்து இந்த லொரெய்ன் பிக்கர்ஸ்கில்லின் வணக்கம்.

இன்று பட்டம் பெற வேண்டியவர் எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மேலாளர் பெவர்லி ஹாயில். நான் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவள். அவருடைய நாற்காலி ஏன் காலியாகக் கிடக்கிறது? சொல்கிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய பின், வேலை பார்த்துக்கொண்டே மூத்த தலைமைக்கான பட்டப்படிப்பில் சேர்ந்தார் அவர். அந்தப் படிப்பின் விதிப்படி அவருக்குப் பெயர் 'தொழில் பழகுநர்'. விடுவார்களா எங்கள் பெண்கள்?

"ஏம்மா பழகுற பொண்ணு, எல்லாருக்கும் டீ போடு!" என்றார் எங்கள் கூடத்து மாக்சீன். "அப்படியே கடைக்குப் போயி கோடு போட்ட பெயின்ட் ஒரு டப்பா வாங்கிட்டு வா, கண்ணு!"

கோடு போட்ட பெயின்ட் எந்தக் கடையிலும் கிடையாது; புதிதாய்த் தொழில் பழக வருகிறவர்களை அதைத் தேட அனுப்புவது பழைய கேலி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நாங்களும் அன்று சிரித்தோம்.

புதன்கிழமை படிப்புக்கென்று ஒதுக்கிய நாள். எந்தப் புதன் ஐயா அவருக்குப் புதனாக விடிந்தது? நீராவிக்குழாய் வெடித்தால் அழைப்பு! ஆள் வராவிட்டால் அழைப்பு! அறுவை அறைக்கு விரிப்பு போதாவிட்டால் அழைப்பு! ஒரு காதில் பேராசிரியர், மறு காதில் நான்.

"பெவ், பெரிய மெஷின் நின்னுருச்சு."

"நிக்கட்டும் லொரெய்ன். நானும் எப்போ நிப்பேன்னு தெரியல."

ஏன் படித்தார்? பதவிக்கா? பகட்டுக்கா? படிப்பின் முடிவில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும். அந்தத் திட்டத்தால் புது இயந்திரங்களை வாங்கவைத்து, பழைய இயந்திரங்களோடு தள்ளாடும் சலவைக்கூடத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினார். அதற்காகத்தான் படித்தார்.

ஆனால் ஆசிரியர் சொன்னார்: "மூணு வழி காட்டணும் பெவர்லி. உங்களுக்குப் பிடிக்காத வழியும் ஒண்ணு இருக்கணும். அதையும் நேர்மையா எழுதணும். இல்லன்னா மார்க் கிடையாது."

முதல் வழி, இருப்பதை இருப்பது போலவே விடுவது. இரண்டாவது, புது இயந்திரங்கள். மூன்றாவது, கூடத்தை மூடி வேலையை வெளியாருக்குக் கொடுப்பது.

"மூடுறதுக்குக் காரணம் சொல்லுங்கடி" என்று கேட்டார் பெவர்லி. உணவறையில் பெண்கள் போட்டி போட்டுச் சொன்னார்கள். "கூரை ஒழுகுதுன்னு எழுது!" "மாக்சீனுக்கு முழங்கால் போச்சுன்னு எழுது!" அனைத்தையும் அழகாக, அறிவாக, அடுக்கடுக்காக எழுதினார். மதிப்பெண்ணுக்காக எழுதினார்.

குழு படித்தது. குழு பாராட்டியது. குழு மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது.

பல்கலைக்கழகம் அவருக்கு முதல்தரம் வழங்கியது. தலைவர் அவர்களே, நீங்கள் அவர் கையைக் குலுக்கிச் சொன்னீர்கள்: "மூடுற வேலையை உங்களவிட நல்லா யாரு செய்வா?" அந்தப் பொறுப்பையும் அவர் தலையிலேயே கட்டினீர்கள்.

பின்வரிசையில் யாரோ 'வெட்கக்கேடு' என்கிறீர்கள். யாரைச் சொல்கிறாய் மாக்சீன்? பெவர்லியையா? ... இல்லையா? மேடையைத்தானா? சரி, உட்கார் தாயே.

இன்று மதியம் எங்களை நிற்கவைத்துச் செய்தியைச் சொன்னார்.  நாங்கள் ஏசுவோம் என்று காத்திருந்தார். ஏசினாலாவது அவருக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். மாக்சீன் அவர் கையிலிருந்த அந்தத் திட்டத்தை வாங்கிப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கே, கண்ணு. நானா இருந்தாலும் மூடியிருப்பேன்" என்றார். அப்போதுதான் பெவர்லி அழுதார்.

தேறியவர் யார், பெரியோர்களே? தோற்றவர் யார்? தலைமை கற்கப் போனவளுக்குத் தன் மக்களின் வேலையைத் தானே பறிக்கக் கற்றுக்கொடுத்தோமே, இதற்கா இத்தனை மலர், இத்தனை மாலை, இத்தனை மேளம்?  எனக்கு வெறுமைதான் தெரிகிறது.

இந்நேரம் அவர் கூடத்தில் இருக்கிறார். மாலை வேலைக்கு வந்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "மெயில்ல தெரிய வேணாம். என் வாயால கேக்கட்டும்" என்றார்.

என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பட்டத்த நீ போய் வாங்கிட்டு வா, லொரெய்ன். யாரையும் கை மட்டும் தட்ட விட்றாத."

வாங்கிக்கொள்கிறேன், தலைவர் அவர்களே. கொடுங்கள்.

அவையோரே, கைகளை மடியிலேயே வைத்திருங்கள். அந்த மௌனத்துக்கு என் நன்றி. வணக்கம்.