மறுப்பு கேட்டு வந்தவள்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், ஐயா. என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதும் தாள் பறக்கிறது.

நான் செய்தி ஆசிரியர். நிருபர்கள் எழுதித் தருவதற்கெல்லாம் தலைப்பு வைப்பது நான்தான். ஆண் ஏமாற்றினால் ‘மோசடி ஆசாமி’, பெண் ஏமாற்றினால் ‘மோசடி அழகி’. ஆண் செத்தால் அவன் பார்த்த உத்தியோகத்தைப் போடுவோம். பெண் செத்தால் பார்க்க எப்படி இருந்தாள் என்று போடுவோம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இப்படித்தான் இருந்தது. ஜனங்களும் அதைத்தான் படித்தார்கள்.

நீங்கள் கேட்கும் அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை பார்த்தவள். ஒருநாள் வீடு திரும்பவில்லை. அவள் கணவன் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். அவளுடைய போட்டோவோடு நேரே எங்கள் ஆபீஸுக்கு வந்தான். என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“யாரோ ஒருத்தன் இருக்கான் சார்.”

யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை. ‘கணவனைத் தவிக்கவிட்டுக் காதலனுடன் அழகி ஓட்டம்’ என்று வைத்தேன். பேப்பர் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் அவளே வந்து நின்றாள். எப்போதோ முறிந்த இடது மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருந்தது.

“நான் யாரோடயும் ஓடலைங்க. அடி தாங்க முடியாம தனியாத்தான் போனேன். நீங்க எழுதினதைப் படிச்சுட்டு எங்கப்பாவே போனை எடுக்க மாட்டேங்கிறாரு. ஆஸ்பத்திரியிலயும் வர வேண்டாம்னுட்டாங்க. மறுப்பு போடுங்க.”

“போடலாம்மா. இப்ப எங்க தங்கியிருக்கீங்க?”

“அது எதுக்குங்க?”

“விவரம் இல்லாம எப்படிப் போடறது?”

யோசித்தாள். பிறகு தெருப் பேரைச் சொன்னாள். தெருமுனைத் தையல் கடைக்கு மேலே, மாடி அறை. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். நான் தலையைத்தான் ஆட்டினேன். வாக்குக் கொடுத்ததாக எழுதாதீர்கள்.

எழுந்து போகும்போது, “உங்க வீட்டுப் பொம்பளைங்களைப் பத்தியும் இப்படித்தான் எழுதுவீங்களா?” என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் ஆபீஸே தலையைத் தூக்கிப் பார்த்தது. பிழை திருத்தும் அம்மா என்னிடம் வந்து, “மறுப்பை நல்லா பெரிய எழுத்துலயே போடுங்க சார்” என்றார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

என் சர்வீஸில் நான் மறுப்பு போட்டதே இல்லை, ஐயா. ஒருத்திக்குப் போட்டால் போகிற வருகிறவர்கள் எல்லாம் வாசலில் வந்து நிற்பார்கள்.

அவள் கணவன் விடாமல் போன் செய்துகொண்டிருந்தான். அன்று சாயங்காலமும் செய்தான்.

“ஏதாவது தகவல் கிடைச்சுதா சார்?”

தெருப் பேரைச் சொன்னேன். தையல் கடை என்றேன். மாடி என்றேன். “காலையில போங்க, வீட்லதான் இருப்பாங்க” என்றும் சொன்னேன். கேட்டவனுக்கு வழி சொன்னேன், அவ்வளவுதான்.

அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். அவள் கையைப் பார்த்தவன் நான். தெரியாமல் என்ன? தெரிந்ததால்தான் எங்கள் போட்டோகிராபரைக் காலையிலேயே அந்தத் தெருவுக்கு அனுப்பி, டீக்கடையில் உட்காரச் சொன்னேன். வேறெந்தப் பேப்பரிலும் இல்லாத படம் எங்களிடம் மட்டும் எப்படி வந்தது என்று ஆரம்பத்தில் கேட்டீர்களே, இப்படித்தான் வந்தது.

‘கள்ளக்காதல் விபரீதம்: அழகி குத்திக் கொலை’. தலைப்பு நான் வைத்ததுதான். காதலன் என்று எவனும் கிடையாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் மறுபடி மாற்றி எழுதினால் முதலில் எழுதியது பொய் என்று ஆகிவிடாதா?

குத்தியது அவன். இடம் சொன்னதும் நேரம் சொன்னதும் நான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள்.

ஒன்றே ஒன்று. வெளியே மற்றப் பேப்பர்காரர்கள் நிற்கிறார்கள். என் பேரைக் கொடுக்காதீர்கள். வாய்க்கு வந்ததை எழுதிவிடுவார்கள். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஐயா. நாளைக்கு அவள் நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா?